குவாரி வழியில நின்ன அந்தம்மா

அந்த ஆப்ப மொதல்ல மூடு. ரூட்டு அப்புறம் பாக்கலாம். நீ காட்டுற மாரி போன்ல ஒரு செவப்புக் கோடு ஏரிக்கரைல ஏறி, குன்னு ஒண்ண சுத்திக்கினு, மாமல்லபுரத்துப் பக்கம் எறங்குனா போதும், நானும் ஒரு காலத்துல உடனே டயருக்குக் காத்தடிக்கக் கெளம்பிடுவேன். இப்ப அந்தக் கோட்டப் பாத்தாலே பத்திக்கினு வருது. ஏன்னு கேட்ட இல்ல, சொல்றேன், ஆனா பாதில சிரிச்சன்னு வெச்சிக்கோ, அத்தோட எழுந்து போயிடுவேன்.

பேயி, ஆவி எதுவும் நம்புற ஆளு இல்ல நான். எங்க கம்பெனி லைன்ல ஒருத்தன் கம்ப்ரஸர் ரூம் பக்கம் யாரோ நடக்கிறாங்கன்னு சொன்னப்ப, போயி டியூப்லைட்ட மாத்துடா மொதல்லன்னு கத்துனவன் நான்தான். இன்னிக்கும் அத நம்புறேனா இல்லியான்னு எனக்கே தெரியல. நடந்தது நடந்திச்சி, அவ்ளோதான்.

மூணு பேரு போனோம். நானு, நம்ம மெஷின் ஷாப்பு சரவணன், அப்பறம் என் தங்கச்சி வூட்டுக்காரரு ஜோசப்பு. தங்கச்சி அப்ப ஏழு மாசம். ரெண்டு நாளு கடலோரமா ரூம் போட்டுத் தங்கிட்டு வரலாம்னு பிளான். அவ ஒத்துக்கவே இல்ல. "ஒரு கீறல் இல்லாம உன் புருசன கொண்டாந்து வுடுறேன், போதுமா"ன்னு அவ தலையில கை வெச்சி சொல்லிட்டுத்தான் கூட்டிக்கினு வந்தேன். இத ஏன் சொல்றேன்னா, என் கோவம் எங்கேந்து வந்திச்சின்னு உனக்குப் புரியணும்.

எந்த வழியில போறதுன்னு ஒரு வாரம் சண்ட. நான் சொன்னது சுலுவான வழி, ஏரிக்கரை மேலயே போயி, அப்பறம் திருக்கழுக்குன்றம் ரோடு புடிச்சி, கடசில பக்கிங்காம் கால்வா ஓரமா மண்ணு ரோட்டுல எறங்குறது. ஜோசப்புக்கு முட்டில பழைய அடி கீது, அவருக்கும் அதான் செட் ஆவும். சரவணன் வுடுறானா? "அது சைக்கிள் ரைடு இல்லடா, பால்காரன் போற வழி"ன்னு நக்கல் பண்ணிக்கினே இருந்தான். மலை சைக்கிள் வாங்கிட்டு தார் ரோட்டுல ஓட்டவா போறோம்னு கேட்டு, ஒரு ரூட்ட அனுப்பிச்சான். காட்டுக்குள்ள பூந்து, பாறை மேட்டுல ஏறி எறங்குற ரூட்டு. எவன் போட்டதுன்னு பாத்தா பேரே இல்ல. நான் வேணாம்னேன். அப்பத்தான் அவன் சொன்னான், "மச்சான், நானே ரெண்டு வாட்டி ஓட்டியிருக்கேன்டா, கண்ண மூடிக்கினு போலாம்."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் ஒத்துக்கினேன். ஞாபகம் வெச்சிக்கோ.

சனிக்கெழம காலையில செங்கல்பட்டுலேந்து கெளம்பி, வழியில நாஸ்தா முடிச்சிக்கினு, ஒம்போது மணி வாக்குல அந்த மண்ணு ரோட்டுல எறங்குனோம். ஊரு பேரு கேக்காத, சொல்ல மாட்டேன். முந்தின நாளு மழ பேஞ்சி செம்மண்ணு நல்லா கெட்டியா, சூப்பரா இருந்திச்சி. சரவணன் போன ஹேண்டில்ல மாட்டிக்கினு முன்னாடி, நடுவுல நான், கடசில ஜோசப்பு. நல்ல வெயிலு. மயிலு கத்துது. பயப்படுறதுக்கு ஒண்ணுமே இல்ல, அத சொல்லிட்றேன்.

ஒரு எடத்துல வழி ரெண்டா பிரியுது. அங்க ஒரு அம்மா நின்னுகினு இருந்திச்சி. அம்பது அம்பத்தஞ்சி வயசு இருக்கும், ஊதா கலர் நைட்டி, மேல ஒரு துண்டு, இடுப்புல கை. நாங்க கிட்ட வர்றதுக்குள்ள கத்த ஆரம்பிச்சிடுச்சி. "யோவ், திரும்புயா! திரும்புறியா இல்லியா? எத்தினி வாட்டி சொல்றது ஒனக்கு?"

சரவணன் காதுலயே வாங்கிக்காம தாண்டிட்டான். நானும் தாண்டிட்டேன். ஏதோ வூட்டுச் சண்ட, யார் மேலயோ கோவம், நம்ம மேல காட்டுதுன்னு நெனச்சேன். மூணு பேரு போறோம், ஒருத்தன்கிட்ட பேசுற மாரி பேசுதேன்னு அப்பவே மனசுல லேசா பட்டிச்சி. வுட்டுட்டேன்.

பத்து நிமிசம் மிதிச்சிருப்போம். ஏத்தம், கல்லு, முள்ளு, எல்லாம் தாண்டி ஒரு வளைவுல திரும்புறோம், மறுபடியும் அதே பிரிவு. அதே அம்மா. நம்புனா நம்பு. அதே எடத்துல நின்னுக்கினு இன்னும் ஜாஸ்தியா கத்துது, கழுத்து நரம்பெல்லாம் பொடச்சிக்கினு. நான் பிரேக் புடிச்சி, "டேய், சுத்தி வந்துட்டோம்டா, ரூட்டு தப்பு, திரும்பிடலாம்"னேன். சரவணன் போனக் காட்டுறான், அதுல நாங்க கோட்டு மேலயேதான் கீறோம், முன்னாடிதான் போயிருக்கோம், எங்கயும் சுத்தல. "வேற பொம்பளடா, ஊருல ஒரே மாரி நைட்டி பத்து பேரு போட்டிருப்பாங்க"ன்னான். வேற பொம்பள இல்ல. அதே மொகம். எனக்கு வந்த கோவத்துக்கு அங்கயே அவன் சட்டையப் புடிச்சிருப்பேன். ஜோசப்பு நடுவுல வந்து, "வுடு மச்சான், இவ்ளோ தூரம் வந்துட்டோம், முடிச்சிட்டே போயிடலாம்"னாரு. அவரு எப்பவும் அப்டித்தான், சண்டன்னா ஆவாது.

மூணாவது வாட்டி அந்தம்மா கத்தல. அதுவரைக்கும் ஏத்தம், இப்ப எறக்கம், நல்ல ஸ்பீடுல வர்றோம், ரெண்டு பக்கமும் சீமக்கருவேலம் மூடிக்கினு ஒரு ஆளு பூந்து போற அளவுக்குத்தான் சந்து. அந்தம்மா ஓரத்துல நின்னுகினு கையில ஒரு கருங்கல்லு வெச்சிருந்திச்சி. சரவணன் கிட்ட வந்தப்ப வீசிச்சி பாரு, நேரா அவன் முன்சக்கரத்துல. அவன் வுழுந்தான், அவன் மேல நான் வுழுந்தேன், ஜோசப்பு சைடுல ஒடிச்சி முள்ளுல போயி சொருகுனாரு.

சரவணன் எழுந்ததும் கெட்ட வார்த்தைல ஆரம்பிச்சி, ஒரு கல்லத் தூக்கிக்கினு அந்தம்மாவ அடிக்கத் திரும்புனான். ஆளக் காணோம். முள்ளுக்காடு அது, உள்ள பூந்து ஓட வழியே கெடயாது. நானும் தேடுறேன், கையில ரத்தம் வழியிது, அதகூட பாக்கல, அவ்ளோ ஆத்திரம். அப்ப ஜோசப்பு முன்னாடி நாலடி நடந்து போயி நின்னுகினு, ரொம்ப மெதுவா கூப்ட்டாரு.

"மச்சான். இங்க வந்து பாரேன்."

கல்குவாரி. மூடிப்போட்டுப் போன பழைய குவாரி. வேலி இல்ல, கல்லு இல்ல, போர்டு இல்ல. முள்ளு முடியிற எடத்துல தரை முடிஞ்சிடுது. கீழ மூணு மாடி ஆழத்துல பச்சத் தண்ணி. நாங்க வுழுந்த எடத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு லாரி நிக்கிற தூரம்கூட இல்ல. சரவணன் போனு மண்ணுல கெடந்திச்சி, எடுத்துப் பாத்தேன். அந்தச் செவப்புக் கோடு நிக்காம, நேரா தண்ணி மேலயே போயி அந்தாண்ட கரையில ஏறுது.

"நீ ரெண்டு வாட்டி ஓட்டுனியேடா, எப்டிடா ஓட்டுன?"ன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சிக்கினான். "ஓட்டலடா. அப்டி சொன்னாத்தான் நீ வருவன்னு சொன்னேன்."

அறஞ்சேன். ஹெல்மெட்டோட சேத்து அறஞ்சேன், கை வலிக்க வலிக்க. ஏழு மாச வயித்தோட வூட்டுல ஒருத்தி ஒக்காந்துகினு கீறா, அவகிட்ட போயி நான் இன்னா சொல்லியிருப்பேன்? ஜோசப்பு புடிச்சி இழுக்கலன்னா இன்னும் ரெண்டு வுழுந்திருக்கும். அவன் திருப்பி அடிக்கல. அதுவும் கோவமா வந்திச்சி.

சைக்கிளத் தள்ளிக்கினே திரும்புனோம். அந்தப் பிரிவு ஒரே வாட்டிதான் வந்திச்சி. அங்க யாரும் இல்ல. அங்கேந்து மெயின் ரோடு வர இன்னும் நல்ல தூரம், முக்கா மணி நேரம் நடந்திருப்போம். கூட்டு ரோட்டுல ஒரு டீக்கட. சைக்கிள வெளிய புளியமரத்துல சாச்சிட்டு உள்ள போனா, அந்தம்மா ஒக்காந்துகினு வெங்காயம் உரிச்சிக்கினு இருந்திச்சி.

அதே ஊதா நைட்டி, அதே துண்டு. நேரா எதுர்ல போயி நின்னேன். சண்ட போடவா, கால்ல வுழவா, எனக்கே தெரியல. "இன்னாம்மா, கல்லெடுத்து அடிக்கிற? குவாரி கீதுன்னு சொல்லியிருந்தா நின்னிருக்க மாட்டோமா?"ன்னேன். அது தலையே தூக்கல. டீ ஆத்திக்கினு இருந்தவரு, "இன்னா சார், எங்கக்காகிட்ட இன்னா பிரச்சன?"ன்னு வந்தாரு. நடந்தத சொன்னேன். அவரு என்ன ஒரு மாரி பாத்துட்டு, "காலையில ஆறு மணிலேந்து இந்த எடத்த வுட்டு எழல சார். முட்டி தேஞ்சி போச்சி, ரோட்ட தாண்டறதுக்கே நான்தான் கையப் புடிக்கணும்"னாரு. பக்கத்துல பரோட்டா மாவு பெசஞ்சிக்கினு இருந்தவரும் ஆமான்னாரு. வெங்காயத் தோலு ஒரு கூடை கெடக்குது, அத்தினியும் உரிக்கணும்னா காலையிலேந்துதான் ஆவும்.

அப்பறம் டீக்கடைக்காரரே சொன்னாரு. அந்தம்மா வூட்டுக்காரரு அந்தக் குவாரிலதான் வேல பாத்தாரு. டெய்லி சைக்கிள்லதான் போவாரு. அந்தக் குறுக்கு வழில போவாத, மண்ணு சரியிதுன்னு அந்தம்மா தெனம் கத்துமாம், அவரு கேக்க மாட்டாராம். ஒரு நாளு மழைக்குப் பின்னாடி காலையில போனவரு சைக்கிளோட உள்ள போயிட்டாரு. ஆள எடுத்தாங்க. சைக்கிள் கெடைக்கவே இல்ல. வேலி போடுங்கன்னு அதுக்கப்பறம் அந்தம்மா ஏறாத ஆபீஸ் இல்ல, ஒருத்தனும் ஒரு முள்ளுக்கம்பி கட்டல. எனக்கு அந்த நிமிசம் சரவணன் மேல இருந்த கோவத்தவிட அது ஜாஸ்தியா வந்திச்சி.

"உங்கள மாரி ஹெல்மெட் போட்டவங்க இதுக்கு முன்ன வந்தாங்க சார். அவங்களும் இதே கதைதான் சொன்னாங்க"ன்னாரு.

அப்பத்தான் அந்தம்மா எழுந்திச்சி. மேஜையப் புடிச்சிக்கினு, கஷ்டப்பட்டு எழுந்து நின்னு, எங்கள தாண்டி வெளிய பாத்திச்சி. புளியமரத்தாண்ட, எங்க சைக்கிளுங்க இருந்த எடத்த.

"யோவ்! இன்னும் எத்தினி பேரத்தான்யா இட்டுக்கினு போவ? நான் வரலன்னா, தொணைக்கு ஊரான் வூட்டுப் புள்ளைங்கதான் கெடச்சாங்களா ஒனக்கு?"

எனக்கு அப்பதான் பொறி தட்டுச்சி. அந்தம்மா காட்டுல ரெண்டு வாட்டி கத்துனப்பவும் அது கண்ணு எங்க மேல இல்ல. சரவணனுக்கும் கொஞ்சம் முன்னாடி, ஒரு சைக்கிள் தூரத்துல, அங்க பாத்துதான் கத்திச்சி. "ஒனக்கு"ன்னு சொன்னது எங்களுக்கு இல்ல.

வெளிய ஒரு பெல்லு அடிச்சிச்சி. பழைய சைக்கிள்ல இருக்குமே, கட்ட வெரலால தள்ளுனா கிணிங் கிணிங்னு அடிக்கிற பெல்லு. ரெண்டு வாட்டி. நான் வெளிய ஓடிப் பாத்தேன். எங்க மூணு வண்டிதான். எங்க மூணுலயும் பெல்லே கெடயாது. உள்ள திரும்பி வந்தா அந்தம்மா மறுபடியும் ஒக்காந்து வெங்காயம் உரிச்சிக்கினு கீது, கண்ணுல தண்ணி ஊத்துது. அது வெங்காயத்துக்கா வேற எதுக்கான்னு கேக்குற தைரியம் யாருக்கும் வரல.

மாமல்லபுரம் போவல. ஒரு குட்டி யானை வண்டி புடிச்சி சைக்கிள ஏத்திக்கினு வூடு திரும்பிட்டோம். தங்கச்சிகிட்ட ஜோசப்பு முள்ளுல வுழுந்தேன்னு மட்டும் சொன்னாரு. நான் வேலி விசயமா ரெண்டு எடத்துல எழுதிக் குடுத்தேன், இன்னி வரைக்கும் ஒரு பதிலு இல்ல. அந்த ஆபீசு வாசல தாண்டும்போதெல்லாம் இப்பவும் கை முறுக்கிக்கினு வருது.

சரவணன் ஒண்ணுமே நடக்கலன்னு சாதிக்கிறான். அந்தம்மாவுக்கு மூள சரியில்ல, நீ வெயில்ல கொழம்பிட்ட, பெல்லு ரோட்டுல போனவன் அடிச்சதுன்னு சொல்றான். சொல்லிட்டுப் போவட்டும். எங்களுக்குள்ள இப்ப பேச்சு கம்மி. ஆனா அவன் டெய்லி சைக்கிள்லதான் டூட்டிக்கு வரான், நானும் ஸ்டேண்டுல அவன பாக்குறேன். கூட்டமா, நெருக்கியடிச்சி நிக்கிற எடத்துலகூட, பக்கத்துல இருக்கிற வண்டிங்கள ரெண்ட நவுத்திட்டு, தன் வண்டிக்கு இடது பக்கம் இன்னொரு சைக்கிள் நிக்கிற அளவுக்கு எடம் வுட்டுட்டுத்தான் நிறுத்துறான். தெனமும். ஏன்டான்னு ஒரு வாட்டி கேட்டேன். திரும்பி அந்தக் காலி எடத்த ரொம்ப நேரம் பாத்தான், மொகம் வெளுத்துப் போச்சி, அப்பறம் "நான் எப்படா எடம் வுட்டேன்?"ன்னு என் மேலயே பாஞ்சான்.