சகலை பூட்டிய குழாய்

பால் பண்ணையின் பின்கட்டில் ஓடும் டீசல் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் இன்ஜின்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாலைக் குளிரவைக்கும் இயந்திரமும் தண்ணீர்ப் பம்பும் அந்த இன்ஜினை நம்பித்தான் இருந்தன. காலையில் கைப்பிடியைச் சுற்றி அதைக் கிளப்ப அவரை விட்டால் ஆள் கிடையாது. வேறு யார் சுற்றினாலும் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். "அது என் மூத்தாள். அது போக மீதிதான் எனக்கு" என்று அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொல்வாள். அவரும் மறுத்ததில்லை.

அந்த இன்ஜினில்தான் சகலை கைவைத்தார். மனைவியின் தங்கையைக் கட்டியவர். சாணத்தை மூடிய தொட்டியில் புளிக்கவைத்து எரிவாயு எடுக்கும் வேலை தெரிந்தவர். தொட்டியிலிருந்து குழாய் இழுத்துவந்து, இன்ஜின் காற்றை உறிஞ்சும் வாயில் ஒரு வால்வோடு பூட்டினார். காற்றோடு வாயுவும் உள்ளே போகும். அதைப் பற்றவைக்கக் கொஞ்சம் டீசல் இருந்தால் போதும்.

முதல் நாள் வால்வை மெல்லத் திறந்தபோதே இன்ஜினின் சத்தம் இறங்கியது. பழைய கரகரப்பு போய்ப் பதமாக ஓடியது. கரும்புகை வெளுத்தது.

"இத்தனை வருஷமா இப்படி ஓடியிருக்கலாமே" என்றார் பண்ணை முதலாளியம்மா.

யாரையும் குத்திச் சொல்லவில்லை. ஆனாலும் இன்ஜின்காரருக்குச் சுருக்கென்றது. தன்னிடம் ஒருநாளும் அது இப்படிக் குழைந்ததில்லை.

வீட்டிலும் அதே பாட்டு. "தங்கச்சி வீட்டுக்காரர் கை பட்டா எதுவும் ஓடிடும் போல" என்றாள் மனைவி.

"உனக்கு உன் தங்கச்சி வீட்டுக் கரப்பான்பூச்சிகூட கெட்டிக்காரப் பூச்சிதான்" என்று எழுந்து கைகழுவப் போனார்.

மறுநாளிலிருந்து, சகலையின் தலை மறைந்ததும் வால்வைப் பாதி மூடினார். வாயு குறைந்தால் இன்ஜின் தானாகவே டீசலைக் கூட்டிக்கொள்ளும், வேகம் மாறாது. டீசல் பீப்பாய் மட்டும் பழையபடி காலியானது. முதலாளியம்மாவின் முகம் கோணக் கோண இவருக்கு வயிறு குளிர்ந்தது.

அடுத்த வாரமே முதலாளியம்மா சகலையை இன்ஜின் கொட்டகைக்கு வரவழைத்தார். பால் கறப்பவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீசல் குறையும்னு சொன்னீங்க. எங்க குறைஞ்சுது? எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிடுங்க."

சகலை குழாயைக் கழற்றக் குனிந்தார். காதுமடல் சிவந்திருந்தது. இந்தக் காட்சிக்காகத்தான் இன்ஜின்காரர் காத்திருந்தார். வந்தபோது பார்க்கச் சகிக்கவில்லை.

"கொஞ்சம் இருங்கம்மா. குழாய்ல தண்ணி நின்னிருக்கும், நான் பாக்கறேன்."

குழாயின் அடியிலிருந்த மூடியைக் கழற்றினார். கொஞ்சம் தண்ணீர் சொட்டியது. அது தினமும் சொட்டுவதுதான். எழுந்திருக்கும்போது உடம்பால் மறைத்துக்கொண்டு, வால்வைச் சகலை போட்டிருந்த அடையாளக் கோடு வரை திறந்தார். சத்தம் இறங்கியது.

"நீங்க இல்லன்னா என்ன ஆகியிருக்கும்" என்றார் முதலாளியம்மா. இவர் ஏங்கிக் கிடந்த வார்த்தை. காதில் விழுந்தபோது கூசியது.

எல்லோரும் கலைந்ததும் சகலை பக்கத்தில் வந்தார். "அண்ணே, வால்வு பாதியில இருந்தத வந்ததுமே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா உங்கள அனுப்பிடுவாங்க. அப்புறம் காலையில இதை யார் கிளப்புறது? எனக்கு அது வராதுண்ணே."

சண்டைக்கு வந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போனது. இவ்வளவு நல்லவனாக இருக்கத் தன்னால் முடியவில்லையே என்று புதிதாக ஒரு பொறாமை வேறு முளைத்தது.

அதற்குப் பிறகு அவர் வால்வில் விளையாடவில்லை. வாயு அதிகமானால் உள்ளே கணகணவென்று தட்டும் சத்தத்தைக் காதாலேயே பிடித்துச் சரிசெய்யப் பழகினார். பீப்பாய் மெதுவாக இறங்கியது. ஆனாலும் சகலை தொட்டியைப் பார்க்க வரும்போதெல்லாம், கையில் ஒரு துணியோடு இன்ஜினை மறைத்துக்கொண்டு நிற்பார்.

மறுவருஷம் பராமரிப்புக்காக இன்ஜினைப் பிரித்தார்கள். எப்போதும் உள்ளே அப்பிக்கிடக்கும் கரியில் பாதிகூட இல்லை. விரலால் தடவிப் பார்த்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "கெட்டிக்காரன்தான்" என்றார்.

"யாரு?"

"உன் தங்கச்சி புருஷன்தான், வேற யாரு. போய் அவன்கிட்ட சொல்லிடாத."