தங்கையைக் கத்தப் பழக்கிய கோடை

பிள்ளைகளுக்கு எல்லோரும் பேசக் கற்றுக்கொடுப்பார்கள், பாடக் கற்றுக்கொடுப்பார்கள். நாங்கள் என் தங்கைக்குக் கத்தக் கற்றுக்கொடுத்தோம். அதுவும் ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொண்டதற்காக. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு இதில் சிரிப்பு வந்து ரொம்ப நாளாகிறது.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஒற்றை அறை வீடுகள், மேலே சிமெண்ட் ஷீட். நடுச்சுவர் ஷீட்டைத் தொடாது, ஆகையால் முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கேட்கும். எல்லா வீட்டு ஆண்களும் ஏதோ ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் இல்லாத வாரம் பக்கத்து வீட்டு மதுரைக்கார அண்ணனுக்கு இருக்கும். எந்தப் பகலை எடுத்துக்கொண்டாலும் காம்பவுண்டில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். நான் சொந்த ஊரான கல்லாவியில் பிறந்து, காட்டிலும் மேட்டிலும் கத்தித் தீர்த்துவிட்டு வந்தவள். தங்கை இங்கே வந்த பிறகு பிறந்தவள். அவள் காதில் முதலில் விழுந்த வார்த்தையே 'உஷ்' என்பதாகத்தான் இருக்கும்.

மூன்றரை வயதில் அவள் அதில் கைதேர்ந்திருந்தாள். டம்ளரைத் தரையில் வைக்கும்போது அடியில் ஒரு விரலைக் கொடுத்து வைப்பாள். அழுதால் வாய் மட்டும் திறக்கும். சொல்ல வேண்டியதைக் கிட்டே வந்து காதில்தான் சொல்வாள். அம்மாவுக்கு அதில் பெருமை தாங்காது. ஊரிலிருந்து வருகிறவர்கள், "பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்று அவளை மெச்சிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் அம்மாவுக்கு ஒரு கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். சர்க்யூட் போர்டில் பற்றவைக்கிற வேலை, ஜூனில் சேர வேண்டும். தங்கையை எங்கே விடுவது என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் அடுத்த தெருவில் ஒரு பிளே ஸ்கூல் திறக்கப்போவதாகச் செய்தி வந்தது. அதை நடத்தப்போகிற மிஸ் ஆனேக்கல் பக்கத்துக்காரர். சேரப்போகிற பிள்ளைகளின் வீடுகளுக்கு ஏப்ரல் மாதமே நேரில் போய், வீட்டிலிருப்பவர்களைத் தயார்ப்படுத்த வேண்டும் என்பது அவருடைய எண்ணம். எங்கள் வீட்டுக்கும் வந்து, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏபிசிடி ஒன்னும் சொல்லித்தர வேணாம். தானா சாப்பிட, செருப்பு மாட்ட, பாத்ரூம் வந்தா சொல்லப் பழக்குங்க. தினம் கொஞ்ச நேரம் கூட உக்காந்து வெளையாடுங்க. இந்த வயசுக்கு வெளையாட்டுதான் படிப்பு, அஷ்டே, அவ்ளோதான்" என்றார். அப்பா சூப்பர்வைசர் முன்னால் நிற்பவரைப் போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "கரெக்ட்டு மிஸ், கரெக்ட்டு மிஸ்" என்று வேறு சொன்னார். அதை நான் மறக்கவே இல்லை.

மிஸ் பையிலிருந்து மரக்கட்டைகளை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தார். அவள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓசையே இல்லாமல் அடுக்கினாள். பேர் என்ன என்று கேட்டதற்கு மிஸ்ஸின் காதருகே போய்ச் சொன்னாள். மிஸ் அவள் முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்த்தார். அவள் திரும்பினாள்.

"காது சரியா இருக்குது. பிள்ளை பேசுமா?"

"நல்லா பேசுவா மிஸ். சத்தமாத்தான் பேச மாட்டா" என்றாள் அம்மா, பெருமையாகவே.

மிஸ் யோசித்துவிட்டுச் சொன்னார். "பசிக்குது, வலிக்குதுன்னு வாய் தொறந்து கேக்கணும்மா. அத்தினி பிள்ளைங்க நடுவுல இது காதுல வந்து சொல்ற வரைக்கும் நான் எப்படிப் பாத்துக்கறது? ஜூனுக்குள்ள சத்தம் போடப் பழக்குங்க. ஆகலைன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்."

அவர் போனதும் அம்மா கொதித்தாள். "அடுத்த வருஷம் வரைக்கும் வேல எனக்காகக் குந்திக்குனு இருக்குமா? இவள கல்லாவியில அக்கா வீட்டுல வுட்டுட வேண்டியதுதான்." பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. தங்கையைத் தனக்கே கொடுத்துவிடும்படி முன்பே ஒருமுறை வாய்விட்டுக் கேட்டிருந்தார். அப்பா சட்டென்று, "எம் பொண்ண எங்கியும் அனுப்ப மாட்டேன். அவ கத்துவா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். நைட் ஷிப்ட் வாரங்களில் காலையில் வந்ததும் குளித்துவிட்டு, தூங்காமல், எங்கள் இருவரையும் டவுன் பஸ்ஸில் ஏற்றி மத்திகிரிக்குக் கூட்டிப்போவார். அங்கே கால்நடைப் பண்ணையின் கம்பி வேலியை ஒட்டி ஆள் நடமாட்டமில்லாத இடமும் புளியமரங்களும் இருந்தன. "எவ்ளோ வேணாலும் கத்துங்க. மாடுங்க எதுவும் நைட் ஷிப்ட் பாக்கல" என்பார். எனக்குக் கொண்டாட்டம். தொண்டை கட்டும்வரை கத்தினேன். தங்கை என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "உஷ், யாராச்சும் தூங்குவாங்க" என்று என்னை அடக்கினாள்.

பிறகு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். தள்ளிப் போய் மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். கூப்பிட்டால் திரும்புவார், கூப்பிடாவிட்டால் திரும்பமாட்டார். கிட்டே போகக் கூடாது என்பது சட்டம். அவள் நின்ற இடத்திலிருந்தே மெல்ல, "அப்பா" என்பாள். அவர் அசையமாட்டார். சில நாள் அப்படியே உட்கார்ந்தபடி தூங்கிப்போவார். ஒரு நாள் அவளுக்கு என்ன வந்ததோ, இரண்டு கையையும் இறுக மடக்கிக்கொண்டு, கண்ணை இறுக்கி, "அப்பா!" என்று ஒரு கத்து கத்தினாள். வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்த மாடுகளே தலை தூக்கின. அப்பா எழுந்து ஓடிவந்து அவளைத் தூக்கிச் சுற்றினார். தூக்கமில்லாத அவர் கண்கள் சிவந்து கிடந்ததை நான் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையும் பட்டேன்.

ஜூனில் அம்மா வேலைக்குப் போனாள், தங்கை பிளே ஸ்கூலுக்குப் போனாள். அங்கே மணல் தொட்டி இருந்தது, தண்ணீர்த் தொட்டி இருந்தது, தட்டி விளையாடப் பழைய பாத்திரங்கள் இருந்தன. மாலையில் தலையெல்லாம் மணலோடு வந்து, அன்று பாடியதை எல்லாம் உச்சக் குரலில் பாடுவாள். மதுரைக்கார அண்ணன் அந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டி, "ஏ தாயி, அண்ணனக் கொஞ்சம் தூங்க விடு" என்பார். அப்பா சிரிப்பார். அந்த நாட்களில் எங்கள் வீடு ஒரு வீடாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கெடுத்தது அந்த மதுரைக்கார அண்ணனின் மகன். அவன் மேல் குற்றமில்லை, அவனுக்கும் தங்கை வயதுதான். டை கட்டி, ஷூ போட்டு வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போனவன். அவனை வாசலில் உட்காரவைத்துச் சிலேட்டில் ஏ முதல் இசட் வரை எழுதவைத்துக் காட்டினார்கள். அப்பா பார்த்தார். தங்கையைக் கூப்பிட்டு, "நீ எழுதுடி" என்றார். அவள் சிலேட்டைக் கவிழ்த்து, தாளம் தட்டிப் பாடிக் காட்டினாள். காம்பவுண்டே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிளே ஸ்கூலில் பெற்றோர் கூட்டம். நாங்கள் எல்லோருமே போயிருந்தோம். மிஸ் மணல் விளையாட்டால் கை விரல்களுக்கு எப்படிப் பலம் வருகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து நின்றார்.

"மிஸ், தப்பா நெனச்சிக்காதீங்க. மண்ணுல வெளையாடறதுக்கு நாங்க எதுக்கு இங்க அனுப்பணும்? தெருவுலயே நெறய மண்ணு கெடக்குது. நான் மிஷின்ல நின்னுக்குனே சாவறேன். எம் பொண்ணு உக்காந்து வேல செய்யணும் மிஸ். எப்ப எழுத வெப்பீங்க, அதச் சொல்லுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். கம்பெனியில் ஆபீஸராக இருக்கிறவர்கள்கூடத் தட்டினார்கள். நானும் தட்டினேன். அவ்வளவு பேர் நடுவில் அப்பா பேசியதை நான் பார்த்ததே இல்லை. "ஏப்ரல்ல ஒத்துக்கிட்டீங்களே" என்று மிஸ் சொன்னது அந்தச் சத்தத்தில், முன்னால் உட்கார்ந்திருந்த என்னைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. சிலர் அப்போதே பிள்ளையை நிறுத்திக்கொள்ளப்போவதாகச் சொன்னார்கள். மிஸ்ஸுக்கும் வீட்டுக்காரருக்கு வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கு மிஸ்மேல் இன்றுவரை கோபம் கிடையாது.

மணல் தொட்டி இருந்த இடத்தில் குட்டி பெஞ்சுகள் வந்தன. எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஸ்கேலோடு ஒரு புது டீச்சர் வந்தார். கையைக் கட்டு, வாயைப் பொத்து. மற்ற பிள்ளைகள் ஒரு வாரத்தில் அடங்கிவிட்டன. என் தங்கை எழுதும்போதே பாடினாள். பென்சில் ஒடிந்தால் கத்தினாள். வெளியே நிற்க வைத்தால், உள்ளே இருக்கிற ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். வாய் திறந்து கேட்க வேண்டும் என்று சொல்லித்தானே அவளைச் சேர்த்தோம், அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வந்து கூட்டிப்போகச் சொல்லி, பிளே ஸ்கூலிலிருந்து அம்மாவின் கம்பெனி வாசலுக்குப் போன் போய்க்கொண்டே இருந்தது. 'இன்னொரு தடவை பாதியில் கிளம்பினால் அப்படியே வீட்டிலேயே இருந்துகொள்' என்று அங்கே சொல்லிவிட்டார்கள். புது டீச்சரோ, "மத்த பிள்ளைங்களையும் கெடுக்குது, ஒரு வருஷம் கழிச்சிக் கூட்டினு வாங்க" என்று தங்கையின் பையையும் கையோடு கொடுத்துவிட்டார்.

அன்று மாலை அப்பா அவளை எதிரே நிறுத்தினார். "எதுக்குடி கத்தற? ஏன் கத்தற? வாய மூடிக்குனு ஒரு எடத்துல குந்த மாட்டியா?" என்று கேட்டுவிட்டு, ஆத்திரத்தோடு வாசல் பக்கம் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அப்பாவின் முதுகைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். சந்தோஷமாகச் சுவரோரம் தள்ளிப் போய், கையை இறுக மடக்கிக்கொண்டு, "அப்பா!" என்று கத்தினாள். அவர் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கத்தினாள். திரும்பினார், ஒரு அறை விட்டார். அதுதான் அவர் அவளை முதன்முதலாக அடித்தது. எனக்கு அவர்மேல் அன்று வந்த கோபம் இன்றும் அப்படியே இருக்கிறது. அவர் தன்மேலேயே கொண்ட கோபம் அதைவிடப் பெரிதாக இருந்திருக்கலாம்.

வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, நான், தங்கை மூவரும் கல்லாவிக்குப் பஸ் ஏறினோம். ஒரே ஒரு மாதம்தான் என்று அவளிடமும் என்னிடமும் சொல்லியிருந்தார்கள். பெரியம்மா அவளைக் கையில் வாங்கியவர் இறக்கிவிடவே இல்லை. "எங்க வூட்டுல எவ்ளோ வேணா கத்து கண்ணு, யாரு கேக்கப் போறாங்க?" என்றார். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மா கட்டிக் கொடுத்திருந்த பையைப் பிரித்துப் பெரியம்மா துணிகளை அலமாரியில் அடுக்கியபோது நானும் கூட இருந்தேன். எல்லாத் துணியும் இருந்தது. வளர்ந்த பிறகு போட்டுக்கொள்ளட்டும் என்று அளவுக்குப் பெரிதாக வாங்கி, மடிப்புக் கலையாமல் வைத்திருந்த பட்டுப் பாவாடையும் அதில் இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கிடைத்தது. அறையிலும் இனிமேல் காலை நீட்டிப் படுக்கலாம் என்று நினைத்தபடி வந்தேன்.

மறுநாள் காலை அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய பாவாடையை எதற்கு அனுப்பினாய் என்று கேட்டேன். அம்மா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "வளர்ற பொண்ணு இல்லியா" என்றாள். ஒரு மாதத்துக்குள் அவ்வளவு எப்படி வளர்வாள், அம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டே நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.