குடைப் பக்கம் ஒடிங்க

இருபத்திரண்டு வருஷமாகப் பேருந்து ஓட்டும் அந்த டிரைவர் வண்டியின் உடம்பில் ஒரு கீறல் விழவிட்டதில்லை. இரண்டு லாரிகளுக்கு நடுவே கை நுழைய இடம் கிடைத்தால் போதும், பேருந்தையே நுழைத்துவிடுவார். அப்பேர்ப்பட்டவரை நாற்பத்தேழாவது வயதில் கதிகலங்க வைத்தது, சாப்பாட்டு டப்பா கனம்கூட இல்லாத ஒரு ஹெலிகாப்டர். ரிமோட்டில் பறப்பது. முழங்கை நீளம்தான் இருக்கும்.

ஏன் இந்த ஆசை என்று கேட்டால், "மேல சிக்னல் இல்ல" என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது.

முதல் நாள் கூடத்தில் வைத்து ரிமோட்டின் குச்சியை லேசாகத்தான் நெம்பினார். தண்ணீர் பட்ட பூனைபோல் எகிறிய ஹெலிகாப்டர், ஜன்னல் திரையைப் பிடித்து ஏறி, அதைப் பாதி தின்று, பிறகு சுருண்டு விழுந்தது. இறக்கை இரண்டும் போச்சு. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவி, உடைந்த துண்டுகளையும் திருகாணிகளையும் பொறுக்கி மாத்திரை உறையில் போட்டார். உறைமேல் 'தினம் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதி அவர் கையில் கொடுத்தார்.

"அடுத்த டோஸ் எப்போ?"

"சிரிக்காதடி. கத்துக்கிற வரைக்கும் எல்லாரும் இப்படித்தான்."

"திரை கத்துக்கிச்சு. இனிமே உங்க பக்கமே வராது."

அடுத்து மொட்டை மாடி. கவிழாமலிருக்க, அடியில் குறுக்காக இரண்டு குச்சிகளைக் கட்டி, நான்கு முனையிலும் டேபிள் டென்னிஸ் பந்துகளைச் செருகினார். பந்துகளோடு பறந்த ஹெலிகாப்டர் எதிர் வீட்டு அம்மாவின் நைட்டியைக் கொடியிலிருந்து கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு இரண்டு கட்டடம் தாண்டிப் போய் இறங்கியது. குடியிருப்போர் கூட்டம் அன்றைக்கே கூடியது. மொட்டை மாடிக்குத் தடை.

மிச்சமிருந்தது ஊருக்கு வெளியே இருந்த, ரிமோட் விமானம் பறக்கவிடுவோர் சங்கத்தின் மைதானம் ஒன்றுதான். அங்கே மூன்று மாதம் ஓர் ஓரமாகப் பழகலாம். அதற்குள் பரீட்சையில் தேற வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் கோட்டை விட்டால் ஒரு வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. திங்கள் முதல் சனிவரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஞாயிற்றுக்கிழமையையே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, ஒரு வருஷம் என்றால் ஐம்பத்திரண்டு ஞாயிறு போச்சு.

பரீட்சை என்னவோ ஒரே வரிதான். சுண்ணாம்புச் சதுரத்துக்குள், மூக்கு நம்மைப் பார்த்தபடி, ஒரு நிமிஷம் அந்தரத்தில் நிறுத்தி, நடுவிலுள்ள வட்டத்தில் இறக்க வேண்டும். அந்த மூக்கில்தான் வினை. வால் நம்மைப் பார்க்கும்வரை ஹெலிகாப்டர் சொன்ன பேச்சைக் கேட்கும். முகத்தைத் திருப்பியதோ, அதன் வலது நமக்கு இடது, அதன் இடது நமக்கு வலது. காப்பாற்றுவதாக நினைத்துத் தள்ளும் தள்ளுதான் அதைக் குழியில் தள்ளும்.

பக்கத்தில் நின்று எச்சரிக்க ஓர் ஆளைக் கூட்டிவரலாம் என்று விதியில் இருந்தது. டிரைவர் தன் கண்டக்டரைக் கூட்டிவந்தார். பதினோரு வருஷமாக ஒரே வண்டி. வீட்டில் குழம்பு ஊற்றும்போதுகூட 'போதும்' என்பதற்கு, வண்டியை நிறுத்துகிற மாதிரி, 'ஹோல்டான்' என்று சொல்லுவதால், அவருக்குப் பெயரே ஹோல்டான்தான்.

முதல் பரீட்சையில் ஹெலிகாப்டர் இடப்பக்கம் சரிந்தது. ஹோல்டான் பதறிப்போய், "ரைட்! ரைட்!" என்று கத்தினார்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சொல்லுக்கு டிரைவரின் உடம்பில் ஒரே ஓர் அர்த்தம்தான்: கிளம்பு. கை தானாகவே முன்னால் தள்ளியது. ஹெலிகாப்டர் பரீட்சை மேசையைக் குறிவைத்துக் கிளம்பி, வருகைப் பதிவேட்டின் நாலு பக்கங்களை நறுக்கிவிட்டு நின்றது.

"யோவ், ரைட்டுன்னா போன்னுதானே அர்த்தம்?"

"வலது பக்கம்னு சொன்னேண்ணே!"

"பதினோரு வருஷத்துல ஒருநாளாவது வலது பக்கம்னு சொல்ல ரைட்டுன்னிருக்கியா?"

ஹோல்டான் யோசித்துப் பார்த்தார். இல்லைதான்.

இரண்டாவது தடவை சுத்தத் தமிழ். "வலது!" என்று ஹோல்டான் கத்த, "யாருக்கு வலது?" என்று டிரைவர் திருப்பிக் கத்தினார். "உங்களுக்கு! இல்ல, அதுக்கு! இருங்கண்ணே, நான் எந்தப் பக்கம் பாத்து நிக்கிறேன்?" வழக்கு தீருமுன் ஹெலிகாப்டர் மண்ணில் மூக்கை ஊன்றிவிட்டது.

விடை பணிமனையில் கிடைத்தது. பேருந்தைப் பின்னால் எடுக்கையில் ஹோல்டான் வலது இடது என்று சொல்லியதே இல்லை. சுவரையும் டயர்க் குவியலையும் வைத்து, 'சுவத்துப் பக்கம் ஒடிங்க, டயர் பக்கம் ஒடிங்க' என்று ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்வார். எங்கே போக வேண்டும் என்று தெரிந்தால் போதும், மிச்சக் கணக்கை டிரைவரின் கைகளே போட்டுக்கொள்ளும்.

மைதானத்தில் ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி. இன்னொரு பக்கம் சங்கச் செயலாளரின் நீலக் குடை. அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். சதுரத்தை நாடா பிடித்துப் போட்டவரும் பரீட்சை வைப்பவரும் அவரேதான். ஞாயிறு தவறாமல் ஒரே இடத்தில் நாற்காலி போட்டுக் குடையோடு உட்காருவார். மூன்று மாதமாக அந்தக் குடை அரை அடிகூட நகர்ந்ததில்லை. 'தொட்டிப் பக்கம், குடைப் பக்கம்' என்று இருவரும் பழகினார்கள். ஹெலிகாப்டர் ஆணியடித்த மாதிரி நின்றது.

கடைசிப் பரீட்சை. முப்பது நொடி தாண்டியது. லேசாகத் தொட்டியை நோக்கி நழுவல்.

"குடைப் பக்கம் ஒடிங்கண்ணே!"

அந்த நேரம் பார்த்துச் செயலாளருக்கு, மூக்கு நேராக இருக்கிறதா என்று எதிர்ப் பக்கத்திலிருந்தும் பார்க்கத் தோன்றியது. குடையோடு எழுந்து சதுரத்தைச் சுற்றி நடந்தார். டிரைவர் குடையை மட்டும் ஓரக்கண்ணில் வைத்திருந்தார். குடை நடந்தது, ஹெலிகாப்டரும் நடந்தது. செயலாளர் திரும்பிப் பார்த்து நடையை எட்டிப் போட்டார். அதுவும் எட்டிப் போட்டது. அவர் ஓடினார்.

"யோவ்! என்னை ஏன்யா துரத்துற?"

ஓட்டமாக ஓடிப்போய்த் தொட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டார். தொட்டிக்கு மேலே குடை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டர் தொட்டிக்கு முன் வந்து நின்றது.

ஹோல்டானுக்குக் கண் முழுக்க ஹெலிகாப்டர்தான். "குடைப் பக்கம்ணே! குடைப் பக்கம்!"

"குடையே அங்கதான்யா இருக்கு!"

ஹோல்டான் அப்போதுதான் பார்த்தார். தொட்டியும் குடையும் ஒரே பக்கமாகிவிட்ட உலகத்தில் சொல்ல அவரிடம் ஒரு சொல்லும் இல்லை.

டிரைவர் குடையை விட்டு ஹெலிகாப்டரிடம் கண்ணைத் திருப்பினார். முகம் காட்டி முறைத்துக்கொண்டு நின்றது அது. பின்னோக்கி வரும் வண்டியின் மூலையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அதையே பார்த்தார். பெருவிரல்கள் மயிரிழை அளவு நகர்ந்தன. ஹெலிகாப்டர் நகர்ந்தது. மூக்கைத் திருப்பாமல், வந்த வழியே, சதுரத்துக்குள், வட்டத்துக்குள் வந்து இறங்கியது. புல்கூடத் தலை சாயவில்லை.

செயலாளர் தொட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, ஒன்றும் நடவாதவர்போல் நாற்காலிக்கு வந்தார். கடிகாரத்தை நிறுத்தினார். ஒரு நிமிஷம் நாற்பது நொடி. படிவத்தை எடுத்தார்.

"சதுரத்த விட்டு வெளிய போச்சு சார்" என்றார் டிரைவர். ஹோல்டான் அவர் இடுப்பைக் கிள்ளினார்.

"நான் பாக்கல."

"நீங்கதானே சார் முன்னாடி ஓடினீங்க?"

"ஓடினேனா? நடந்தேன்."

ஆனால் வாழ்நாளெல்லாம் அடியும் அங்குலமும் பிசகாமல் எழுதிய கை அது. 'சதுரத்தை விட்டு விலகியதா? ஆம் எனில், எங்கே, ஏன்?' என்ற கட்டத்தின் மேல் பேனா வெகுநேரம் நின்றது. பொய் எழுத வரவில்லை. உண்மையை எழுதினால் அடுத்த பொதுக்குழுவில் யாராவது அதைச் சத்தமாக வாசிப்பார்கள். எழுந்துபோய்ச் சதுரத்தின் கோட்டிலிருந்து தொட்டிவரை காலடியால் அளந்தார். திரும்பி வந்து எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

ஹோல்டான் பிடுங்கி வாசித்தார்: "விலகியது. நகரும் இலக்கைப் பின்தொடர்ந்து நாற்பத்திரண்டு அடி. முழுத் தூரமும் பத்தடி இடைவெளி குறையவில்லை, மூக்கு திரும்பவில்லை. கேட்டதற்கு மேல் செய்திருக்கிறார். தேர்ச்சி."