சீட்டில்லாத வண்டியும் காத்தடிக்கிற அண்ணனும்

எங்க அண்ணிக்கு உக்கார்ற யோகமே கிடையாதுங்க. பாக்குறது பஸ் கண்டக்டர் வேலை. காலையில ஏறுனா சாயங்காலம் இறங்குற வரைக்கும் நின்ன நிலை தான். சரி, லீவு நாள்லயாவது உக்காருவாங்கன்னு பாத்தா, சீட்டே இல்லாத ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி வச்சிருக்காங்க! சத்தியமா சொல்றேன், சீட்டே கிடையாது. கம்பெனிக்காரன் மாட்ட மறந்துட்டான்னு நினைக்காதீங்க, அந்த வண்டியோட பொறப்பே அப்படி. ரோட்டுல போறதுக்கு இல்ல, பாறையில ஏறுறதுக்கு. ட்ரையல்ஸ் வண்டின்னு சொல்லுவாங்க. நின்னுக்கிட்டே தான் ஓட்டணும்.

விளையாட்டு ரொம்ப சுலபம், கேக்குறதுக்கு. பழைய கல் குவாரியில ரெண்டு பக்கமும் நாடா கட்டி ஒரு வழி போட்டிருப்பாங்க. வழின்னா வழியா அது? ஆட்டுக்குட்டியே யோசிக்கும். வீடு உயரத்துக்குப் பாறை, நடுவுல தண்ணி, பாசி, உருளுற கல்லு. அது வழியா வண்டியில போகணும், கால் மட்டும் தரையில படக்கூடாது. ஒரு தடவை கால் வச்சா ஒரு பாயிண்ட். ரெண்டு தடவைன்னா ரெண்டு. அதுக்கு மேல எத்தனை தடவை வச்சாலும் மூணு. விழுந்தாலோ, யாராவது வண்டியைப் புடிச்சாலோ அஞ்சு. யாருக்குப் பாயிண்ட் கம்மியோ அவங்க தான் ஜெயிச்சவங்க. முட்டை வாங்குனவங்களைத் தோள்ல தூக்குற ஒரே விளையாட்டு இதுதான். ஸ்கூல்ல நான் வாங்குன மார்க்குக்கு இந்நேரம் உலக சாம்பியன் ஆகியிருக்கணும், வாத்தியாருங்களுக்குத் தான் விவரம் தெரியல.

நடுவர் வாயத் திறக்க மாட்டாரு. வண்டி வெளிய வந்ததும் கையத் தூக்கி விரலைக் காட்டுவாரு. ஒண்ணுன்னா ஒரு விரல், அஞ்சுன்னா அஞ்சு விரல். முட்டைன்னா கையை மூடி முஷ்டியைக் காட்டுவாரு. இந்த முஷ்டியை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால வேலை இருக்கு.

அண்ணி வேலை பாக்குற பஸ்ஸோட கடைசி ஸ்டாப் அந்தக் குவாரிக்கு எதிர்ல தான். ட்ரிப்புக்கு நடுவுல டீ குடிச்சுக்கிட்டே வேடிக்கை பாத்திருக்காங்க. அங்க ஓட்டிட்டிருந்த பல் டாக்டரம்மா ஒருத்தங்க, "சும்மா ஏறி நில்லுங்களேன்"ன்னு சொல்லியிருக்காங்க. அண்ணி பையை இறக்கி வச்சுட்டு ஏறி நின்னாங்க. நின்னாங்கன்னா, வண்டி ஓடவே இல்ல, நின்ன எடத்துல நிக்குது, அண்ணியும் அது மேல சிலை மாதிரி நிக்கிறாங்க. டாக்டரம்மா தொறந்த வாய் மூடல. இதுல என்ன இருக்கு? எங்க ஊரு டிரைவர் பிரேக் போட்டா பாதி பஸ்ஸு முன் கண்ணாடியில வந்து ஒட்டிக்கும். அண்ணி மட்டும் நடுவுல நின்னு ஒரு கையில டிக்கெட்டும் ஒரு கையில சில்லறையும் கொடுத்துக்கிட்டு இருப்பாங்க. அந்தக் காலுக்கு வேற பயிற்சி எதுக்கு?

இப்ப எங்க அண்ணனைப் பத்தி சொல்லணும். அவரு பெட்ரோல் பங்குல காத்தடிக்கிறவரு. பேரு சொன்னா யாருக்கும் தெரியாது, "காத்து"ன்னு கேளுங்க, வீடு வரைக்கும் கொண்டு வந்து விடுவாங்க. அவருக்கு உலகத்துல பொறுக்க முடியாத விஷயம் ஒண்ணே ஒண்ணு, தொளதொளன்னு இருக்குற டயரு. தெருவுல போற குழந்தை சைக்கிளை நிறுத்தி கட்டை விரலால அமுக்கிப் பாப்பாரு. எங்க வீட்டுத் தலகாணி கூட லாரி டயரு மாதிரி தான் இருக்கும். ஒரு நாள் படுத்தேன், கழுத்து இன்னும் ஒரு பக்கமா தான் திரும்புது.

ஆனா பாறையில ஏறுற வண்டிக்கு டயரு தொளதொளன்னு தான் இருக்கணும். அப்பதான் கல்லைப் பல்லில்லாத வாயி மாதிரி கவ்விப் புடிக்கும். ரோட்டு வண்டிக்கு அடிக்கிற காத்துல அஞ்சுல ஒரு பங்கு கூட இருக்காது. அந்த வண்டி நிக்கிறது வீட்டு முன் ரூம்ல, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல. அண்ணன் தண்ணி குடிக்க எந்திரிச்சா கூட அதைத் தாண்டித் தான் போகணும். பாவம், ஒவ்வொரு தடவையும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போவாரு. "என் வண்டியில கை வைக்கக் கூடாது"ன்னு அண்ணி போட்ட சட்டம்.

போன மழைக்காலத்துல அண்ணி விழுந்தாங்க. தோள்பட்டை எலும்பு உடைஞ்சு போச்சு. கட்டு பிரிக்கிற வரைக்கும் தலை சீவி விட்டது, சோறு ஊட்டுனது எல்லாம் அண்ணன் தான். சடை போடத் தெரியாம அவரு போட்ட சடையைப் பாத்து பஸ் டெப்போவே சிரிச்சுது. கட்டு பிரிச்ச அன்னிக்கு அண்ணன் சொன்னாரு.

"போதும்மா. வண்டியைக் கொடுத்துரு."

"நான் ஓட்டி ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?"

"விழுந்ததை ஆஸ்பத்திரியில பாத்தேனே, அது பத்தாதா?"

"வந்து பாருங்க. அடுத்த போட்டியில ஒரு தடவை விழுந்தாலும் வண்டியை போட்டி நடத்துற கிளப்புக்கே எழுதிக் கொடுத்துடறேன். விழலைன்னா இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"தம்பி புடிச்சுக்கிட்டாலும் விழுந்த கணக்கு தான்" என்றாரு அண்ணன், என்னைப் பாத்துக்கிட்டே. ஏன்னா அண்ணிக்குக் காவலுக்கு நிக்கிறவன் நான் தான். பாறை உச்சியில நின்னுக்கிட்டு, வண்டி பின்னால சாஞ்சா எட்டிப் புடிக்கிற வேலை. லோடு வண்டி ஓட்டுறவன், மூட்டை புடிச்ச கை, அதான் எடுத்துக்கிட்டாங்க.

"சரிங்க" என்றாங்க அண்ணி. அந்த ஒரு வார்த்தையில வண்டி அந்தரத்துல தொங்குச்சு.

அந்த வாரம் வீடு வீடா இல்ல. ஏர் ஃபில்டரைக் கழட்டி, சோப்புத் தண்ணியில அலசி, அண்ணன் பனியனுக்குப் பக்கத்துல கொடியில காயப் போட்டாங்க. ரெண்டையும் பாத்தா எது துவைச்சது, எது துவைக்கணும்னு சந்தேகமே வராது. ஃபில்டரு தான் வெள்ளையா இருந்துச்சு. அப்புறம் அதுக்கு எண்ணெய் தடவிப் பிழிஞ்சு மாட்டுனாங்க. சக்கரக் கம்பி ஒவ்வொண்ணையும் ஸ்பூனால தட்டி சத்தம் கேட்டாங்க. மந்தமான சத்தம் வந்தா திருகி இறுக்குனாங்க. கிளட்ச் கேபிளு, செயினு, பிரேக்கு. பெட்ரோல்ல ஆயிலு கலக்குறப்ப மருந்து கலக்குற நர்ஸ் கூட அவ்வளவு கவனமா இருக்க மாட்டாங்க. கிளம்புற அன்னிக்குக் காலையில டயர்ல காத்து அளந்தாங்க. சரியா இருந்துச்சு. வண்டியை என் லோடு வண்டியில ஏத்தினோம்.

அண்ணி முன்னால என் பக்கத்துல. அண்ணன், "நான் பின்னால வண்டியைப் புடிச்சுக்கிறேன்"ன்னு ஏறிக்கிட்டாரு. அட, எவ்வளவு பாசம்னு நான் உருகிட்டேன்.

நான் குறுக்கு வழின்னு ஒரு சந்துல விட்டு, அது ஒருத்தர் வீட்டு மாட்டுக் கொட்டகையில போய் முடிஞ்சு, பின்னாலயே ரிவர்ஸ் எடுத்து குவாரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அண்ணியோட நம்பரைக் கூப்பிட்டுட்டாங்க. அவசர அவசரமா இறக்கி, ஹெல்மெட்டை மாட்டி, முதல் வழியில நுழைஞ்சாங்க.

முதல் வழி சின்னப் பசங்க வழி. அண்ணி கண்ண மூடிக்கிட்டே போவாங்க. அன்னிக்கு முன் சக்கரம் கல்லுல பட்டதும் வண்டி பந்து மாதிரி துள்ளுச்சு! டொய்ங்! அடுத்த கல்லு, டொய்ங்! அண்ணி இடது கால், வலது கால், இடது கால்னு ஊனி, கங்காரு குட்டியைக் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி எப்படியோ வெளிய வந்தாங்க. விழல. நடுவரு மூணு விரல்.

அண்ணி இறங்கி டயரை அமுக்குனாங்க. விரல் உள்ள போகல.

"தம்பி, யாரு காத்தடிச்சது?"

நான் ஏதாவது சொல்றதுக்குள்ள நாடாவுக்கு அந்தப் பக்கத்துல இருந்து அண்ணன் கையைத் தூக்குறாரு, வகுப்புல விடை தெரிஞ்ச பையன் மாதிரி! மூஞ்சியில அவ்வளவு பெருமை. லோடு வண்டியில வர்ற வழியில, அந்தக் குலுக்கல்ல, கைப் பம்பை வச்சு ரெண்டு டயரையும் கல்லு மாதிரி ஆக்கியிருக்காரு. எப்பவும் மடியில பம்போட திரியுற மனுஷன்.

எனக்கு ஒரு நிமிஷம் கெட்ட புத்தி. வேணும்னே பண்ணிட்டாரோ?

"ஏங்க, சட்டம் போட்டிருக்கேன்ல?" அண்ணி ஹெல்மெட்டைக் கழட்டிட்டாங்க.

"சட்டமாவது மண்ணாவது. காத்தில்லாத வண்டியை ஓட்டினதால தானம்மா அன்னிக்கு விழுந்த? எனக்குத் தெரியாதா? நீ விழக்கூடாதுன்னு தான் அடிச்சேன்."

அண்ணியால திட்ட முடியல, சிரிக்கவும் முடியல. அவரு விழ வைக்கலைங்க. அவருக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியத்தைப் பண்ணியிருக்காரு.

"சரி, வாங்க. நீங்க அடிச்சதை நீங்களே இறக்குங்க."

"இறக்கவா? நானா?" எங்க அண்ணன் பொறந்ததுல இருந்து யாருக்கும் காத்தை இறக்கினது இல்ல. ஆபரேஷனுக்குக் கூப்பிட்ட மாதிரி வேர்த்துட்டாரு. குந்தி உக்காந்து வால்வை அமுக்குனாரு. புஸ்ஸுன்னு சத்தம்.

"போதுமா?"

"இன்னும்."

"போதும்மா, செத்துரும்."

"இன்னும் இறக்குங்க."

"ஐயோ, பாவம்மா இது!" கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு. புஸ்ஸ்ஸ். அண்ணி அளவுக் கருவியை வச்சுப் பாத்துட்டு, "இன்னும் ஒரு சொட்டு"ன்னாங்க. அண்ணன் ஒரு சொட்டு விட்டாரு. அண்ணி அவரு கட்டை விரலைப் புடிச்சு டயர் மேல வச்சு அமுக்குனாங்க. "இப்ப பாருங்க. இதான் என் அளவு. இதான் கல்லைப் புடிக்கும்."

அண்ணன் விரலை மட்டும் எடுக்காம வச்சிருந்தாரு.

அப்புறம் ஓட்டுனாங்க பாருங்க! ஒரு வழி, அடுத்த வழி, அதுக்கடுத்த வழி, கால் கீழ வரவே இல்ல. வண்டி பாறையில பல்லி மாதிரி ஒட்டி ஊருது. அண்ணன் கூட்டத்துக்குப் பின்னாடி பாதி கண்ணை மூடிக்கிட்டே வந்தாரு. கடைசியா பெரிய வழி. போன மழைக்காலத்துல எலும்பு உடைஞ்ச அதே பாறை. மேல நான், கீழ அண்ணி, மோட்டார் சத்தம், நடுவுல தண்ணி வழியுற செங்குத்துக் கல்லு.

அண்ணி கீழ நின்னு, கிளட்சை ரெண்டு தடவை அமுக்கி விட்டாங்க. வ்ர்ர்ரூம்! வண்டி எகிறுச்சு. முன் சக்கரம் உச்சியைத் தொட்டுச்சு, பின் சக்கரம் பாசியில வழுக்கி, வழுக்கி, புடிச்சு, அப்புறம் நின்னுடுச்சு. பாதி மேல, பாதி அந்தரத்துல. என் மூஞ்சிக்கு முன்னால வண்டி, கை நீட்டினா ஹேண்டில்பார். என் ரெண்டு கையும் தானா எந்திரிச்சிருச்சு.

"தொடாத தம்பி!" ஹெல்மெட்டுக்குள்ள இருந்து அண்ணி.

"காலை வைம்மா! காலை வை!" கீழ இருந்து அண்ணன்.

"வைக்காதீங்க அண்ணி!" நானு.

மூணு பேரு கத்துறதுக்கு நடுவுல அண்ணி நின்னாங்க. டிரைவர் பிரேக் போட்ட பஸ்ஸுல நிக்கிற மாதிரியே நின்னாங்க. முழங்காலை ஒரு மடக்கு மடக்கி, இடுப்பை ஒரு சொடுக்கு. தொளதொள டயரு கல்லை ஒரு கடி கடிச்சுச்சு. என் காது பக்கமா வண்டி தாண்டிப் போச்சு. நான் கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டேன், நாக்கையும் கடிச்சுக்கிட்டேன், இன்னும் ரணம் ஆறல.

வெளிய வந்துட்டாங்க! கூட்டம் ஓன்னு கத்துது. நடுவரு அண்ணிக்கு முன்னால போய் நின்னு முஷ்டியைத் தூக்கினாரு.

இந்த முஷ்டி சமாச்சாரத்தை அண்ணனுக்கு யாரும் சொல்லலைங்க.

"யோவ்! பொம்பளை மேல கையை ஓங்குறியா?" நாடாவை அறுத்துக்கிட்டு அண்ணன் பாயுறாரு, கையில பம்பு! நடுவரு பாவம், எழுபது கிலோ வண்டிக்குப் பின்னால போய் ஒளிஞ்சாரு. நானும் பல் டாக்டரம்மாவும் ஓடிப்போய் அண்ணனைக் கட்டிப் புடிச்சோம். அண்ணி சிரிச்ச சிரிப்புல, நாள் பூரா விழாதவங்க அங்கேயே தொப்புன்னு உக்காந்துட்டாங்க.

"அது முட்டைங்க! ஒரு பாயிண்ட் கூட இல்லன்னு காட்டுறாரு!"

அண்ணன் நடுவரைப் பாத்தாரு, முஷ்டியைப் பாத்தாரு, பம்பைப் பாத்தாரு. "அதை விரல்ல வட்டம் போட்டுக் காட்டக் கூடாதா சார்? நான் மனுஷன் தானே?"ன்னு கேட்டு, நடுவர் சட்டை காலரை அவரே சரி பண்ணி விட்டாரு. சட்டுன்னு அவருக்கு ஒண்ணு தோணிடுச்சு.

"இப்ப உக்காந்துட்டியேம்மா. இது விழுந்த கணக்கா?"

"வண்டியில இருந்து விழலைங்க. உங்களால விழுந்தேன்."

"அப்ப சரி" என்றாரு.

முதல் வழியில வாங்குன அந்த மூணு பாயிண்ட்டால அண்ணிக்கு ரெண்டாவது இடம். டாக்டரம்மா முதல் இடம். திரும்பி வர்ற வழியெல்லாம் அண்ணன் பின்னால தான் உக்காந்து வந்தாரு. பம்பை மட்டும் அண்ணி வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க.

மறுநாள் காலையில, காத்தடிக்க அண்ணன்கிட்ட கொடுத்திருந்த என் லோடு வண்டி ஸ்டெப்னியை வாங்கிட்டுப் போகலாம்னு வீட்டுக்குப் போனேன். அண்ணி டியூட்டிக்குப் போயாச்சு. முன் ரூம்ல அண்ணன் அந்த வண்டிக்கு முன்னால குந்தி உக்காந்திருக்காரு. கட்டை விரல் டயர் மேல. கண்ணை மூடி, நாடி பாக்குற மாதிரி அமுக்குறாரு. புஸ்ஸுன்னு ஒரு சின்ன சத்தம்.

"என்னண்ணே பண்றீங்க?"

"சத்தம் போடாதடா" என்றாரு. "ஒரு சொட்டு கூடுதலா இருந்துச்சு."