உடல்வலி என்று எழுதியவள்

எங்கள் மருந்தறையில் பதினோரு வருடமாக ஒருவர்கூட மயங்கி விழுந்ததில்லை. நம்பாவிட்டால் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். மூச்சுத் திணறியவர் இல்லை, கைகால் மரத்துப்போனவர் இல்லை. சோர்வு உண்டு, சளித்தொல்லை உண்டு, உடல்வலி ஏராளமாக உண்டு. எல்லாம் குண்டுகுண்டான, அடித்தல் திருத்தல் இல்லாத ஒரே கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரியை ஆலையில் எல்லோரும் ரிஜிஸ்டர் அக்கா என்பார்கள். நான் பக்கத்து மேஜையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவன்.

செருப்பு ஒட்டும் பசை தயாரிக்கிற ஆலை எங்களுடையது. கலவைக் கூடத்தில் பெரிய தொட்டிகளில் பசையைக் கரைப்பார்கள். கரைக்கிற திரவம் வரும் டிரம்மில் மண்டையோட்டுப் படம் போட்டிருக்கும். வந்த அன்றே அதன்மேல் ஆலையின் பச்சைச் சீட்டை ஒட்டிவிடுவார்கள். புதிதாக வருகிறவனுக்கு ஒரு வாரம் அந்த வாடையில் தலை சுற்றும். அப்புறம் பழகிவிடும். பழகிவிட்டது என்பதுதான் அங்கே எல்லோருக்கும் ஆறுதல்.

அந்தக் கூடத்து ஆட்கள் வந்து சொல்வதைக் கேட்க வேண்டும். உடம்புக்கு முடியாததைச் சொல்ல நம் ஜனங்களிடம் வார்த்தைக்கா பஞ்சம்! கண்ணு இருட்டிக்கிட்டு வருதுக்கா. கிறுகிறுன்னு இருக்கு. வயித்தப் பொரட்டுது. ஓங்கரிச்சுக்கிட்டே இருக்கு. நெஞ்சு கமறுது. உள்ளங்கால்ல எறும்பு ஊர்றாப்ல இருக்கு. ஒருவர், "செருப்பு கழண்டு விழுந்ததே தெரியலக்கா, பின்னாடி வந்தவன் எடுத்துக் குடுத்தான்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அக்கா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்பாள். கேட்டு முடித்ததும் "உடல்வலி" என்று எழுதுவாள்.

அது அவளாகக் கண்டுபிடித்ததல்ல. மருந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இடது பக்கம் எழுதக் கூடாத வார்த்தை, வலது பக்கம் அதற்குப் பதிலாக எழுத வேண்டியது. மயக்கம் என்றால் சோர்வு. மூச்சுத்திணறல் என்றால் சளித்தொல்லை. மரத்துப்போனால் உடல்வலி. இடது பக்கத்து வார்த்தை ஒருவர் பெயரில் மூன்று முறை ஏறிவிட்டால் அவரைக் கலவைக் கூடத்திலிருந்து மாற்றியாக வேண்டும், வெளியிலிருந்து அதிகாரி வந்து கூடத்தையும் சோதிப்பார். அதனால்தான் இந்த ஏற்பாடு. "பயமுறுத்துற வார்த்தை எதுக்கும்மா? படிக்கிறவனுக்கே காய்ச்சல் வந்துடும்" என்பார் மேலாளர். எதற்கெடுத்தாலும் பயமுறுத்தாதீங்க, பயமுறுத்தாதீங்க என்பதால் அவருக்கு அதுவே பட்டப்பெயர். முதல் வருடம் அக்கா எழுந்து போய்த் தாளைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். பிறகு பார்க்க வேண்டியிருக்கவில்லை. நானும் உடல்வலிக்கு உண்டான மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பூசி மெழுகியதில் எனக்கும் பங்கு உண்டு.

அக்காவின் புருஷனுக்கும் அந்தக் கூடத்தில்தான் வேலை. நான் மாமா என்று கூப்பிடுவேன். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுகிற மனிதர். போன வருடம் ஒருநாள் மதியம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"விரல் நுனியெல்லாம் மரத்துக் கெடக்கு. சட்டப் பொத்தான் போட வரல."

"தெரியும். நாந்தானே போட்டுவிட்டேன்" என்றாள் அக்கா. பேனா எழுதாமல் நின்றது.

"உடல்வலின்னே போட்டுக்கோ. ஒனக்கெதுக்கு வம்பு?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, மாமாவுக்காவது உள்ளத எழுதுங்க. மூணு தடவ ஏறிட்டா பெட்டி அடுக்குற எடத்துக்கு மாத்திடுவாங்க. வாடையில்லாம இருப்பாரு."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஊருக்கெல்லாம் ஒண்ணு, எம்புருஷனுக்கு மட்டும் ஒண்ணா? அந்தக் கூடத்து ஆளுங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

நேர்மையைப் பாருங்கள்! பதினோரு வருடப் பொய்யை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் பாரபட்சம் கூடாதாம். அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் கோபம் வந்தது. உலுக்கவில்லை. ஆறு மாத்திரை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவர் நான்கு முறை வந்தார். நான்கு முறையும் உடல்வலிதான். கடைசித் தடவை வந்தபோது தண்ணீருக்குள் நடக்கிறவர்போல் பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்தார். சாப்பாட்டு இடத்தில் யார் கையிலிருந்து கரண்டி நழுவினாலும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அதுவும் பழகிவிட்டது. போன மாதம் கூடத்துப் படியில் கால் மடங்கி விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே பார்த்த டாக்டரம்மா ஆலைப் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று கேட்டதால், மறுநாள் அதை எடுத்துக்கொண்டு அவர்களோடு நானும் போனேன்.

டாக்டரம்மா மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, விரலில் ஊசியால் தொட்டுத் தொட்டு "தெரியுதா?" என்று கேட்டார். தொட்டபோது மாமா பேசாமல் இருந்தார். தொடாதபோது "தெரியுது" என்றார். டாக்டரம்மா ஊசியை வைத்துவிட்டு நகலை எடுத்தார்.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"இதுல மரத்துப்போச்சுன்னு எங்கயுமே இல்லையே. அஞ்சு எடத்துலயும் உடல்வலின்னுதான் இருக்கு. அப்பவே அந்த வாடைய விட்டு வெளிய வந்திருந்தீங்கன்னா பெரும்பாலும் சரியாகியிருக்கும். இனிமே எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது." தாளை மேஜையில் வைத்தார். "யாரு எழுதினது இது?"

அக்கா மாமாவை ஒட்டினாற்போல் உட்கார்ந்திருந்தாள். தன் கையெழுத்தையே தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க யாரோ எழுதுவாங்க டாக்டர்" என்றார் மாமா. "யாருன்னு தெரியாது."

அக்கா வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. டாக்டரம்மா ஏதோ எழுதி, வெளியே காத்திருக்கச் சொன்னார்.

வெளியே நீள பெஞ்சு. மாமா எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை பெஞ்சின்மேல் கிடந்தது. அக்கா அதன்மேல் தன் கையை வைத்து விரல்களை இறுக மூடிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. உள்ளேயிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எம்மேல கோவமா?" என்றாள் அக்கா.

"கோவமெல்லாம் இல்ல" என்றார் அவர், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் பயமா இருக்கு. கையப் புடிச்சுக்கோ."

"புடிச்சுக்கிட்டுதாங்க இருக்கேன்" என்றாள் அக்கா.