முதுகுக்குப் பின்னால் நாலு விரல்

பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று நம் நாற்காலிக்குப் பின்னால் போய், முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பார்ப்பார். முதல் தடவை நான் துள்ளி எழுந்தேவிட்டேன். “பயப்படாதீங்கம்மா. ஒரு விரல்தான் போகுது. நான் சொல்ற கதை உங்களுக்குப் பிடிக்கலை” என்றார், நாடி பார்த்து முடித்த வைத்தியர் மாதிரி.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவருடைய பட்டறை. திரையரங்கு இருக்கைகளுக்கு ஸ்பிரிங் மாற்றி, ரெக்சின் உறை தைத்துக் கொடுப்பது தொழில். தெருவுக்கே அவர் குஷன்காரர். ஜனங்கள் சினிமா பார்க்கிற வரைக்கும் இருக்கை கிழியும். இருக்கை கிழிகிற வரைக்கும் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

தன் ஆயுளின் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு படம் என்று பொறுக்கி வைத்திருக்கிறார். எந்த வருஷத்தைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார். ஆனால் அவற்றில் ஒன்றையும் முழுதாகப் பார்த்ததில்லை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவோரம் நின்று ஜனங்களைத்தான் பார்ப்பார். ஒரு படம் ஓடி முடிந்ததும் இருக்கைகளைத் தடவுவார். பின்பக்கம் அமுங்கியிருந்தால் சாய்ந்து தூங்கியிருக்கிறார்கள். முன் விளிம்பு அமுங்கியிருந்தால் நுனியிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். எதற்கு விளிம்பு அதிகம் அமுங்கியதோ, அதுவே அந்த வருஷத்துப் படம். “நடிச்சவன் அளப்பான், எழுதுறவன் அளப்பான். உக்காந்த இடம் அளக்காதுங்க.”

ஊசி பிடிப்பதற்கு முந்தைய வருஷங்களுக்கு வீட்டாரின் சாட்சியம். முதல் படத்தை அவருடைய அம்மாவே முடிவு செய்துவிட்டார். இடைவேளையில் வலி எடுத்தும், வில்லன் பிடிபடாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். குஷன்காரர் சொல்லும்போது பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கும். நான் சொல்லும்போது அது திரையரங்கிலேயே, சரியாக ‘சுபம்’ போடுகிற நேரத்தில் நடந்துவிடும்.

போன மாதம் இந்த வரிசைக்கு ஆபத்து வந்தது. கொண்டுவந்தவள் அவருடைய ஒரே மகள், பல் மருத்துவம் படிக்கிறவள். தன் வயதுக்கும் ஒரு வரிசை வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அப்பா பொறுக்கிய படங்களையே, தான் பிறந்த வருஷத்திலிருந்து ஞாயிறுதோறும் பார்ப்பதாக ஏற்பாடு. அந்த வருஷத்துக்கு அவர் வைத்திருந்தது ஒரு குதிரைப் படம். குதிரை வரும், போகும், மறுபடி வரும்.

“அப்பா, இதெல்லாம் ஒரு படமா? அந்தக் குதிரையே கொட்டாவி விடுது.”

“டிவியில பாத்தா அப்படித்தான் இருக்கும். தியேட்டர்ல ஒருத்தன் பின்னால சாயலை, தெரியுமா? அந்த மாதிரி விளிம்பு அமுங்கி நான் பாத்ததே இல்ல.”

அந்தப் படம் ஓடிய, அவர் வழக்கமாக இருக்கை தடவிப் பார்க்கிற திரையரங்கின் பழைய இருக்கைகள் மூன்றைப் பட்டறையில்தான் போட்டு வைத்திருக்கிறார், வந்தவர்கள் உட்கார. மகள் விடுவிடுவென்று போய் ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

“அப்பா, இது என்னைப் பிடிச்சு முன்னால தள்ளுது.”

“சீட்டு எங்கயாவது ஆளைத் தள்ளுமா?”

“நீங்களே உக்காந்து பாருங்க.”

இத்தனை காலத்தில் அவர் அதில் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தார். மெல்ல வழுக்கி நுனிக்கு வந்தார். ஓரமாகத் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்த மனைவி காலை நிறுத்தினார்.

குஷன்காரர் எழுந்து, இருக்கையைக் கவிழ்த்து அடித்துணியைக் கிழித்தார். முன்னால் இருக்கவேண்டிய தடித்த ஸ்பிரிங் பின்னால் இருந்தது. பின்னால் இருக்கவேண்டிய மெல்லியது முன்னால். முடிச்சு அவருடைய முடிச்சேதான்.

“மாதிரி சீட்டு தச்சுக்கிட்டிருந்தேன். உங்க அம்மாவுக்கு வலி வந்துடுச்சுன்னு ஆஸ்பத்திரியிலேருந்து ஃபோன். நீ வர்ற அவசரத்துல முன்னதைப் பின்னால வச்சுட்டேன் போலிருக்கு. அதைப் பாத்துத்தான் வேலையாளுங்க மத்ததையும் தச்சு முடிச்சாங்க.”

“அப்ப நான் பொறந்த வருஷத்துக்குப் படமே இல்லையா?”

“அந்த வருஷம் மட்டுமா?” என்றார் மனைவி. “நீ எட்டாங் கிளாஸ் போற வரைக்கும் இந்த சீட்டுங்கதானே அங்க கிடந்துச்சு! ஊரே வழுக்கிக்கிட்டு உக்காந்திருக்கு, இவர் கலையைக் கண்டுபிடிச்சிருக்கார்!”

மகளுடைய பிள்ளைப் பருவம் முழுக்க ஒரே இழுப்பில் காலியாகிவிட்டது. அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள், அவரால் முடியவில்லை. பட்டறைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே கிடந்தார். படியில் எதிர்ப்பட்டபோது, வாய் சும்மா இருக்காமல், ஏதோ ஒரு வருஷத்தைச் சொல்லி என்ன படம் என்று கேட்டேன். “வேண்டாம்மா” என்றார். கை என் நாற்காலியைத் தேடவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

கடைசியில் வழி சொன்னவர் மனைவிதான். “நிறைமாசமா இருந்தப்ப உங்ககூட வந்து ஒரு படம் பாத்தேனே, ஞாபகம் இருக்கா?”

“எது?”

“எப்படி இருக்கும்? என்னை எங்க பாத்தீங்க? நான் உக்காந்த சீட்டைத்தானே பாத்தீங்க!”

கண் தெரியாத கடிகாரக்காரர் ஒருவரின் கதை அது. நாலே நாள் ஓடியது. விளிம்பு அமுங்குகிற அளவுக்குக் கூட்டம் வரவில்லை. அதனால் அவர் கணக்கிலும் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று இருக்கைகளுக்கும் ஸ்பிரிங்கைத் திருத்தித் தைத்து, துணி வெட்டும் மேசைமேல் டிவியைத் தூக்கி வைத்தார். நடுவில் அவர், இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் மனைவி. அவர்களுக்குப் பின்னால் எனக்கு ஒரு முக்காலி. கூப்பிடாமல் வந்தவளுக்கு அது போதும்.

பழக்கம் விடுமா? படம் தொடங்கியதும் திரையை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பிக்கொண்டார். கடிகாரக் கடைக்குள் ஒருவன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தான். கண் தெரியாத கிழவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். குஷன்காரரின் கை மகளின் முதுகுக்குப் பின்னால் போனது. நாலு விரல். மனைவியின் பக்கம் போனது. உள்ளங்கையே நுழைந்தது.

“கையை எடுத்துட்டுப் படத்தைப் பாருங்க!” என்று அதட்டினார் மனைவி, திரும்பாமலே.

எடுத்துக்கொண்டார். திரையைப் பார்த்தார். கடையிலிருந்த அத்தனை கடிகாரமும் ஒன்றாக நின்றன. கிழவர் இருட்டில் கையை நீட்டினார். மூன்று தலைகளும் எனக்கு முன்னால் அசையவில்லை.

அப்புறம், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, குஷன்காரர் கையை மெல்லப் பின்னால் கொண்டுவந்து தன் முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே விட்டுப் பார்த்தார்.