அத்தை வானத்தில் இருந்த நாள்

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, தாத்தாவை இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கனடாவில் நர்ஸாக இருந்த அத்தை உடனே டிக்கெட் போட்டாள். "நான் வர்ற வரைக்கும் அப்பாவை விட்டுறாதீகண்ணே" என்று போனில் அழுதாள்.

டொரோண்டோவிலிருந்து டெல்லிக்குப் பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல். பதிமூன்று மணி நேரம் எங்கும் இறங்காமல் வரவேண்டும். அப்பாவுக்கு நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்புகிற வேலை. வடக்கே போகும் லாரி டிரைவர்களை நினைத்தபோதெல்லாம் போனில் கூப்பிட்டு, "எங்கன போறீக?" என்று கேட்டே பழகியவர். கூப்பிட முடியாத ஒரு வண்டியில் தங்கை வருவது அவருக்குத் தாங்கவில்லை. விமானம் பறக்கும் இடத்தைக் காட்டும் ஆப் ஒன்றைத் தன் போனில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்.

நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அங்கே ராத்திரியில், விமானம் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் அது இந்தியா இருக்கும் பக்கம் திரும்பாமல், மேப்பில் வடக்கே பனிப்பிரதேசத்தைப் பார்த்து ஏறியது.

"அப்பா, பிளேன் வழி தப்பிருச்சு!"

அப்பா ஓடிவந்து போனை வாங்கிப் பார்த்தார். டீச்சரான அம்மாதான் என் பந்தில் நூலை இழுத்துப் பிடித்து, உருண்டையான பூமியில் அதுதான் குறுக்குவழி என்று காட்டினாள்.

அதன்பின் வீட்டில் என் மதிப்பே தனி. ஒவ்வொரு நாடு தாண்டும்போதும் தாத்தாவின் காதருகே குனிந்து, "அத்தை ரஷ்யாவுக்கு வந்துட்டாக" என்று சத்தமாகச் சொல்வேன். அவருடைய இமை லேசாக அசையும். அப்பா கட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்தபடி, "இன்னும் கொஞ்சம் வெரசா வந்தா என்னவாம்?" என்று விமானத்தைத் திட்டுவார்.

விமானம் கஜகஸ்தானுக்கு மேல் இருந்தபோது, சாயங்காலம், தாத்தா போய்விட்டார்.

அழுகைச் சத்தத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அதில் ஒரு நல்ல சேதி தெரிந்தது. அப்பாவிடம் ஓடினேன்.

"அத்தை அரைமணி நேரம் முன்னாடியே வந்திருவாகப்பா!"

அப்பாவின் முகம் இன்னும் வாடியது.

"முன்னாடியேவா? மெதுவா வரச் சொல்லு தாயி."

காலையிலிருந்து வெரசா வா என்றவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, இப்பல்லாம் பிளேன்லயே மெசேஜ் பாக்கலாமாம்ல. சொல்லிருவமா?"

"வேண்டாம். அவ டெல்லியில எறங்குற வரைக்கும், அங்கனயாவது அப்பா உசுரோட இருக்கட்டும்."

தாத்தா எங்கள் கண்ணெதிரே கட்டிலில் கிடந்தார். அப்பா சொன்ன "அங்கன" எங்கே என்று தெரியாமல், போனில் நகர்ந்துகொண்டிருந்த அந்தச் சின்ன மஞ்சள் விமானத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.